ஆம்ஸ்டர்டாமுக்கு இருமுறை சென்ற செடி

பெரியாற்றின் இக்கரையில் ஏலூர்; அக்கரையில் சிறிது தொலைவில் நெடும்பாசேரி விமான நிலையம். பாங்காக்கிலிருந்து வந்திறங்கிய பயணிகளின் பெட்டிகளில் ‘ஹைபிரிட் கஞ்சா’ பிடிபட்டதென்ற செய்தி அண்மை ஆண்டுகளில் அங்கிருந்து அடிக்கடி வருகிறது. 2022 ஜூனில் தாய்லாந்து கஞ்சாவைப் போதைப்பொருள் பட்டியலிலிருந்து நீக்கியது இதற்குப் பின்புலம். செய்திகள் இதனை அயல்நாட்டுச் சரக்கு என்கின்றன. அக்கலப்பினத்தின் மூதாதைச் செடிகள் எந்த மண்ணுக்குரியவை என்று எவரும் கேட்பதில்லை. கேட்டால், விடை நம்மை ஆம்ஸ்டர்டாம் வழியாகக் கொச்சிக்கே திருப்பிக் கொணர்கிறது.

கலப்பினங்களுள் உலகப் புகழ் பெற்றது ‘ஒயிட் விடோ’. 1990களில் நெதர்லாந்தில் உருவாகி, ஆம்ஸ்டர்டாம் காபிக் கடைகளின் வழியே பரவியது. பூங்கொத்தின்மேல் வெண்பொடி தூவியதுபோல் படரும் பிசின் சுரப்பிகளே பெயருக்குக் காரணம். பிரேசில் நாட்டு ‘சட்டைவா’வும் தென்னிந்திய ‘இண்டிகா’வும் அதன் பெற்றோர் என்பது விதை வணிகர் கூற்று, அத்தென்னிந்தியச் செடி கேரள மலைகளிலிருந்து வந்ததென்றும் சொல்லப்படுகிறது. இதற்கு ஆவணச் சான்று கிடையாது. இருப்பது வணிகக் கதை மட்டுமே.

இதே செடி முந்நூறு ஆண்டுகளுக்கு முன்னரும் ஆம்ஸ்டர்டாம் சென்றது. அப்போது அதற்கு ஆவணம் இருந்தது. கொச்சியில் டச்சுக் கிழக்கிந்தியக் கும்பெனியின் மலபார்த் தளபதியாக இருந்த வான் ரீட் தொகுத்த ‘ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ்’, 1678 முதல் 1693 வரை 12 தொகுதிகளாக அந்நகரில் அச்சேறியது. அதன் பத்தாம் தொகுதியில் ‘கலெங்கி கஞ்சாவ’, ‘செறு கஞ்சாவ’ என்னும் இரு பெயர்களில் இச்செடி படத்துடன் இடம்பெற்றது. நூலுக்குத் தகவல் தந்தோருள் ஈழவ வைத்தியர் இட்டி அச்சுதன் முதன்மையானவர். 1675 ஏப்ரல் 20இல் அவர் அளித்த சான்றுரை முதல் தொகுதியிலேயே அச்சாகியுள்ளது. ரங்க பட்டர், விநாயக பண்டிதர், அப்பு பட்டர் என்னும் கொங்கணி மருத்துவர் மூவரின் பெயர்களும் அதில் உள்ளன. கும்பெனியின் நலனுக்காக எழுந்த நூல்தான். ஆயினும் அறிவு யாரிடமிருந்து வந்தது என்பதை அது மறைக்கவில்லை.

‘இண்டிகா’ என்ற சொல்லும் ஆராயத்தக்கது. லின்னேயஸ் 1753இல் ‘கன்னாபிஸ் சட்டைவா’ என்று பெயரிட்டார். ஸொன்னெரா இந்தியாவிலிருந்து கொண்டுசென்ற மாதிரிகளைக் கண்ட லமார்க், 1785இல் அவற்றைத் தனி இனமாகக் கருதி ‘கன்னாபிஸ் இண்டிகா’ என்றார். அவர் வருணித்தது குறுகிய இலைகளும் போதையூட்டும் இயல்பும் கொண்ட இந்தியச் செடி. 1970களில் ஷுல்டெஸ் முதலானோர் அப்பெயரை ஆப்கானிஸ்தானத்தின் குட்டையான, அகன்ற இலைச் செடிக்கு வழங்கினர். வணிகம் அதைப் பற்றிக்கொண்டது. எனவே இன்றைய சந்தை வழக்கில் கேரளத்தின் நெடிய, குறுகிய இலைச் செடி ‘சட்டைவா’ ஆகிவிடும். ‘தென்னிந்திய இண்டிகா’ என்னும் தொடர் லமார்க்குக்குப் பொருந்தும்; கடைக்காரர் அகராதிக்குப் பொருந்தாது. குடிவழிக் கதையை ஐயுற இதுவே போதுமானது.

விளைவும் சுவையும் இக்குழப்பத்தை மேலும் தெளிவாக்குகின்றன. ‘சட்டைவா’ கிளர்ச்சி தரும், ‘இண்டிகா’ மயக்கி அமர்த்தும், கலப்பினம் முன்னதில் தொடங்கிப் பின்னதில் முடியும் என்பர். போதைக்கு முதன்மைக் காரணம் 1964இல் கவோனியும் மெக்கூலமும் பிரித்தறிந்த டெட்ராஹைட்ரோகன்னாபினால். மணமோ டெர்பீன்களால் வருவது. 2021இல் ‘நேச்சர் பிளான்ட்ஸ்’ இதழில் வெளியான ஆய்வு, இவ்விரு முத்திரைகளும் மரபணு உறவோடு பெரிதும் பொருந்தவில்லை என்றும், சில டெர்பீன்களோடு மட்டுமே தொடர்புடையன என்றும் காட்டியது. மூக்கு சொன்னதைக் குலமென்று எழுதிவைத்திருக்கிறார்கள். ஒயிட் விடோவுக்குச் சொல்லப்படும் மிளகுக் காரத்தோடு இணைத்துப் பேசப்படும் காரியோபிலீன், மட்டாஞ்சேரிப் பண்டகசாலைகளை மணக்கச் செய்த கருமிளகிலும் இருப்பதே.

சாகுபடியின் வரலாறு வேறு திசையில் சென்றது. 1893இல் அமைந்த இந்தியச் சணல் போதைப்பொருள் ஆணையம் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சாட்சிகளை விசாரித்து, முழுத் தடை வேண்டாம், உரிமமும் வரியும் போதும் என்று பரிந்துரைத்தது. வங்கத்தின் நவகாவ் வயல்களில் ஆண் செடிகளை இனங்கண்டு களைய ‘போத்தார்’ எனும் தேர்ந்த தொழிலாளர் இருந்தனர். மகரந்தம் படாத பெண் பூவில்தான் பிசின் மிகும். இன்றைய கலப்பின வளர்ப்பின் அடிப்படை நுட்பமும் இதுவே. பின்னர் 1961இன் ஐ.நா. உடன்படிக்கையும், இந்தியாவின் 1985ஆம் ஆண்டுச் சட்டமும் வந்தன. அனுமதியற்ற சாகுபடிக்குப் பத்தாண்டு வரை கடுங்காவல். ‘இடுக்கி கோல்டு’, ‘நீலச்சடையன்’ என்பன பேச்சுவழக்குப் பெயர்களாய் எஞ்சின.

கஞ்சாவைப் போற்றுவது இப்பதிவின் நோக்கமன்று. அதன் தீங்குகளை இளைஞர்களிடையே பணியாற்றுவோர் நன்கறிவர். என் வினா உரிமை பற்றியது. 2002ஆம் ஆண்டின் பல்லுயிர்ப் பெருக்கச் சட்டம், மரபு வளங்களால் வரும் பயனில் உள்ளூர் மக்களுக்குப் பங்குண்டு என்கிறது. மிளகுக்கோ மஞ்சளுக்கோ நாம் வாதாடலாம். இச்செடிக்கு யார் வாதாடுவது? “என் பாட்டனார் தேர்ந்து காத்த விதை இது” என்று ஒரு மலைவிவசாயி சொன்னால், அது உரிமைக் கோரிக்கையாகாது, குற்ற ஒப்புதலாகிவிடும். சாட்சி சொல்ல முடியாதவர்களின் பெயர்கள் ஆவணங்களில் ஏறுவதில்லை. முதற்பயணத்தில் இட்டி அச்சுதனின் பெயர் செடியோடு சென்றது. இரண்டாம் பயணத்தில் ‘தென்னிந்தியா’ என்ற ஒற்றைச் சொல்லே சென்றது.

வேளாண் வரலாற்றில் ஈடுபடும் மாணவர்கள், தடைசெய்யப்பட்ட பயிர்களையும் தம் ஆய்வுப் பரப்பில் சேர்க்க வேண்டும். ஆணைய அறிக்கைகளும் ஆயத்தீர்வை ஏடுகளும் காத்திருக்கின்றன. விதை தேர்ந்த கைகளின் சுவடு அவற்றின் இடைவெளிகளில்தான் இருக்கும்.