தோட்டாவை யார் செய்வது? வீட்டுக் கருவிப்பெட்டியும் ஆயுதச் சட்டமும்

துப்பாக்கியின் வரலாறு பெரும்பாலும் துப்பாக்கியைப் பற்றியதாகவே எழுதப்படுகிறது. அதை ஏந்திய படை, அதைப் பறித்த அரசு, அதற்கு உரிமம் கேட்ட குடிமகன் ஆகியோர் பதிவாகின்றனர். அதற்குள் இட்ட தோட்டா எங்கே, யார் கையால் உருவானது என்ற கேள்வி அரிதாகவே எழுகிறது. அந்தக் கேள்விக்கான விடையின் ஒரு பகுதி வீட்டுக் கருவிப்பெட்டியில் இருக்கிறது. வெடிமருந்தை அளக்கும் சிறு குவளை, தக்கையைத் திணிக்கும் மரக்கோல், ஈயம் வார்க்கும் அச்சு, சுட்டு முடிந்த தோட்டாக் கூட்டைச் சீராக்கும் இடுக்கி போன்றவை அப்பெட்டியில் இருக்கும். தந்தை தம் கைக்கேற்பச் செய்துகொண்ட இக்கருவிகளை வீட்டார் அவருடைய கைத்திறனின் சான்றாக நினைவுகூர்வர். சட்டம் அவற்றை வேறு பெயரிட்டு அழைத்தது.

குழல்வாய் வழியே மருந்து கிட்டிக்கும் துப்பாக்கி வழங்கிய காலத்தில், ஒவ்வொரு வெடியும் கையால் ஆக்கப்பட்டதே. மருந்தும் தக்கையும் ஈயக்குண்டும் தனித்தனியே இடப்பட்டன. வெடிமருந்தின் தலையாய கூறான வெடியுப்பு இந்திய மண்ணிலேயே விளைந்தது. பீகாரில் நோனியா சமூகத்தார் உப்பு பூத்த மண்ணைக் கரைத்து, வடித்து, காய்ச்சி அதை எடுத்தனர். ஐரோப்பிய வணிகக் குழுமங்கள் பாட்னாவை நாடி வந்ததற்கு அதுவும் ஒரு முதன்மையான காரணம். ஆக, மூலப்பொருளும் செய்திறனும் அரசின் ஆயுதக் கிடங்குக்கு வெளியே, ஊருக்குள் இருந்தன.

தோட்டாவை ஆக்குபவர் யார் என்பது அரசியல் கேள்வியாக வெடித்த ஆண்டு 1857. என்ஃபீல்டு துப்பாக்கிக்குரிய காகிதத் தோட்டாவில் பூசிய கொழுப்பு குறித்த ஐயம் அவ்வாண்டு சனவரியில் டம்டம்மிலிருந்து பரவியது. சிப்பாய்களே தமக்கு உகந்த நெய்ப்பொருளைப் பூசிக்கொள்ளலாம் என்று அரசு இறங்கிவந்தது. ஐயம் தீரவில்லை, அது கொழுப்பிலிருந்து காகிதத்துக்குத் தாவியது. தன் கண்ணுக்கு அப்பால், அன்னியர் மேற்பார்வையில் உருவான பொருளைப் பல்லால் கடிக்க வேண்டியிருந்ததே அந்த அச்சத்தின் வேர். பூச்சை மட்டும் சிப்பாயின் கையில் ஒப்படைப்பது அந்த வேரைத் தொடவில்லை.

அடுத்த பத்தாண்டுகளில் தோட்டாவின் வடிவமே மாறியது. 1866இல் பிரித்தானியப் படை அதிகாரி எட்வர்டு பாக்சர் உருவாக்கிய தோட்டா, மருந்தையும் குண்டையும் பற்றவைக்கும் பொருளையும் ஒரே கூட்டுக்குள் அடக்கியது. இத்தகைய தோட்டாக்களின் பரவல் வீட்டு உழைப்பை ஒழிக்கவில்லை, உருமாற்றியது. சுட்ட பின்னும் கூடு எஞ்சியது. விலை கொடுத்து வாங்கிய கூட்டை எறிய மனமில்லாத வேட்டைக்காரர், அதை மீண்டும் நிரப்பத் தொடங்கினார். அதற்கான சிறு கைக்கருவிகளை இங்கிலாந்து, அமெரிக்க நிறுவனங்கள் விற்றன. அவற்றைப் பார்த்து உள்ளூரில் செய்துகொள்வதும் அரிதன்று. ஒன்றை மட்டும் வீட்டில் செய்வது எளிதாக இருக்கவில்லை. அடித்தால் தீப்பற்றும் ‘கேப்பு’ எனும் சிறு உலோகக் கிண்ணம் வேதியியல் தொழிற்சாலையின் விளைபொருள். ஊர்த் திறனுக்கும் ஆலைக்கும் இடையிலான எல்லைக்கோடு அந்தக் கிண்ணத்தின் விளிம்பில் ஓடியது.

லிட்டன் ஆட்சிக்காலத்து 1878ஆம் ஆண்டின் 11ஆம் சட்டமான இந்திய ஆயுதச் சட்டத்தை இப்பின்னணியில் படிக்க வேண்டும். அதன் வரையறைப் பிரிவு ‘வெடிபொருள் தளவாடம்’ என்பதற்குள் தக்கை, கேப்பு, தோட்டாவின் எல்லா உறுப்புகள் ஆகியவற்றோடு, அவற்றைச் செய்யும் இயந்திரங்கள் அனைத்தையும் சேர்த்தது. ஈயம், கந்தகம், வெடியுப்பு மூன்றையும் வெளிப்படையாக விலக்கியது. தேவைப்பட்டால் அறிவிக்கையின் வழியே அவற்றையும் உட்படுத்தும் அதிகாரத்தைத் தலைமை ஆளுநரிடம் வைத்தது. சந்தையில் புழங்கும் மூலப்பொருள் பொதுவாகத் தடையின்றி இருக்கலாம். அதைத் தோட்டாவாக மாற்றும் திறனின் கருவி உரிமமின்றி இருக்கலாகாது. கையால் இயக்கும் இடுக்கி ‘இயந்திரம்’ ஆகுமா என்பது அதிகாரியின் விளக்கத்தைப் பொறுத்தது. அந்தத் தெளிவின்மையே குடிமகனின் தலைமேல் தொங்கிய கத்தி.

அக்கத்தி எல்லார் தலைமேலும் தொங்கவில்லை. ஆயுதம் வைத்திருப்பதற்கான உரிமக் கட்டாயத்திலிருந்து ஐரோப்பியர்க்கு விலக்களிக்கப்பட்டது. 1887இல் சென்னையில் கூடிய காங்கிரசு மாநாட்டில் பிபின் சந்திர பால் இச்சட்டத்தை நீக்கக் கோரியபோது, இந்த இனப் பாகுபாடே வாதத்தின் மையமாக இருந்தது.

விலக்குப் பெற்ற இந்தியரும் இருந்தனர். குடகு மக்கள் 1861இலேயே ஆயுதப் பறிப்புச் சட்டத்திலிருந்து விலக்கப்பட்டனர். குடவர்க்கும் சம்மா நில உரிமையாளர்க்கும் அச்சலுகை வேறு வடிவங்களில் இன்றும் தொடர்கிறது. ஆண் குழந்தை பிறந்தால் ஒரு வெடியும், இறப்பை அறிவிக்க இரு வெடிகளும் ஒலிப்பது குடவர் மரபு. கைல்பொள்து விழாவில் துப்பாக்கி வழிபடப்படுகிறது. ஆயுதம் அச்சத்தின் பொருளாக அன்றிக் குடும்ப உறுப்பாக வாழ்ந்த உலகம் எத்தகையது என்பதற்கு இந்நிலப்பகுதி சான்று. அவ்வுலகம் எஞ்சியது விசுவாசத்துக்குப் பரிசாகவே என்பதையும் மறக்கலாகாது.

துப்பாக்கியைக் காட்டிலும் தோட்டாவே அதிகாரத்தின் திறவுகோல் என்பதை 1930 ஏப்ரல் 18 இரவு காட்டியது. சூர்யா சென் தலைமையிலான புரட்சியாளர்கள் சிட்டகாங்கில் துணைப்படையின் ஆயுதக் கிடங்கைக் கைப்பற்றினர். துப்பாக்கிகளும் லூயிஸ் இயந்திரத் துப்பாக்கிகளும் கிடைத்தன. அவற்றுக்குரிய தோட்டாக்களைக் கண்டுபிடிக்க இயலவில்லை. கையில் இருந்த இரும்பு பயனற்றுப் போனது. முந்தைய தலைமுறையின் நாட்டுத் துப்பாக்கியாக இருந்திருந்தால் மருந்தும் ஈயமும் போதும். ஆலைத் தோட்டாவை நம்பிய துப்பாக்கிக்கு மாற்று வழி இல்லை.

விடுதலைக்குப் பின் வந்த 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் இனவழி விலக்கின் அடித்தளத்தில் நிற்கவில்லை. வரையறைப் பிரிவிலோ பழைய சொற்கள் தொடர்கின்றன. தோட்டாவின் உறுப்புகளும் அதைச் செய்யும் இயந்திரங்களும் இன்றும் ‘வெடிபொருள் தளவாடம்’தான். பொதுப் பாதுகாப்பு கருதி அதற்கு நியாயம் உண்டு. உரிமமற்ற தோட்டா யார் உயிரைக் குடிக்கும் என்று எவரும் அறியார். எனினும் ஒரு வரலாற்று விளைவையும் குறித்தாக வேண்டும். உரிமம் பெற்றவர் இறந்தபின் அவருடைய துப்பாக்கி காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற வணிகரிடமோ ஒப்படைக்கப்படுகிறது. எண்ணும் பெயரும் பதிவேட்டில் ஏறுகின்றன. மரக்கோலுக்கும் இடுக்கிக்கும் எண் இல்லை. அவை பழைய இரும்புக்குப் போகின்றன, அல்லது அச்சத்தால் புதைக்கப்படுகின்றன. மகன் தந்தையின் ஆயுதத்தைச் சட்டப்படி கோரலாம். தந்தையின் கைத்திறனைக் கோருவதற்குப் படிவம் ஏதும் இல்லை.

ஆகவே இத்துறை மாணவர்கள் ஆயுத உரிமப் பதிவேடுகளோடு நின்றுவிடலாகாது. சட்டங்களின் வரையறைப் பிரிவுகளையும், வீட்டுப் பெட்டிகளின் அடியில் கிடக்கும் பெயரற்ற கருவிகளையும் சேர்த்து வாசிக்க வேண்டும். ஓர் அரசு எதை அஞ்சியது என்பதை அது பறித்த பொருள்கள் ஓரளவே சொல்லும். எந்தக் கைவினையை அது பொருளாகவே கருதிப் பட்டியலிட்டது என்பது மீதியைச் சொல்லும்.