நாரையின் இனமும் நாரையின் இரையும்: கூந்தன்குளத்தை முன்வைத்து ஓர் ஆராய்ச்சி

உயிர்களை வகுத்துக் காணும் முயற்சி தமிழுக்குப் புதியதன்று. தொல்காப்பிய மரபியல் புல்லையும் மரத்தையும் ஓரறிவுயிராகவும் நத்தை முதலியவற்றை ஈரறிவுயிராகவும் வைத்துத் தொடங்கி மனிதனை ஆறறிவில் நிறுத்துவதையும், புறத்தே வைரமுடையதைப் புல்லென்றும் அகத்தே வைரமுடையதை மரமென்றும் பிரிப்பதையும், அக்கணக்கில் நம் தேரிக்காட்டுப் பனையும் புல்லினமே ஆவதையும் கற்றோர் அறிவர். 1735இல் லின்னேயஸ் வெளியிட்ட முறை வேறு அடிப்படையில் எழுந்ததாயினும், உயிரின் அமைப்பை நோக்கி அதற்கோர் ஆசனம் அளிப்பதில் இரண்டும் ஒத்த குணத்தன. அவ்வுயிர் எதைத் தின்கிறது, எதற்கு இரையாகிறது என்ற வினாவுக்கும் அவை விடை தருமென்று கொள்வதுதான் பிழை.

நாங்குநேரிக்கு அருகே, தாமிரபரணியின் உபநதியாகிய மணிமுத்தாற்றின் நீர் கால்வாய் வழியே வந்து சேரும் கூந்தன்குளம் 1994இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பெற்றது. குளத்துக் கருவேல மரங்களில் மாத்திரமன்றி ஊருக்குள் நிற்கும் மரங்களிலும் கூழைக்கடாவும் மஞ்சள் மூக்கு நாரையும் கூடு கட்டும். பனிக்காலத்தில் இமயத்துக்கு அப்பாலிருந்து வரித்தலை வாத்துகள் வந்திறங்கும். இனமுறையில் வாத்தும் நாரையும் பறவைகளே. ஆனால் வாத்து கரைப்புல்லையும் இளம்பயிரையும் மேய்வது. உண்ணும் வகையில் அதற்கு உறவு நாரையன்று, அதே கரையில் மேயும் எருமையே. நாரையோ அலகைச் சற்றே திறந்தபடி நீருக்குள் அமிழ்த்தி, தலையை இருபுறமும் வீசிக்கொண்டே நடக்கும்; கலங்கல் நீரில் கண்ணுக்கு வேலை அதிகமில்லை, மீன் அலகுக்குள் பட்ட மாத்திரத்தில் அலகு மூடிக்கொள்ளும்.

நத்தைக்கும் நாரைக்கும் மரபியல் கணக்கில் இடைவெளி பெரிது. லின்னேயஸ் வழி வந்தவர் கணக்கில் அதனினும் பெரிது. உணவு வரிசையிலோ நத்தைகுத்தி நாரைக்கு நத்தை ஒரே ஒரு படி கீழே இருப்பது. இப்பெயரை இட்டவர் பறவையை இரைகொள்ளும் வேளையில் பார்த்தவர் என்பதில் எனக்கு ஐயமில்லை. அலகிடையே உள்ள இடைவெளி நத்தையின் ஓட்டை நெரித்து உடைப்பதற்கே என்று நெடுங்காலம் எழுதி வந்தனர். அது பாக்குவெட்டி போன்ற கருவியன்று, கீழலகின் நுனியை உள்ளே செலுத்தித் தசையை அறுத்தெடுப்பதே அப்பறவையின் வழக்கம் என்பது பின்னரே தெளிவாயிற்று. ‘உடைப்பான்’ என்னாது ‘குத்தி’ என்ற நாட்டார் சொல் அந்நூலோரினும் நுட்பமானது. கரண்டிவாயன், அரிவாள் மூக்கன் என்ற பெயர்களும் அவ்வாறே உண்ணும் கருவியைக் கொண்டு எழுந்தவை.

எனினும் உணவுப்படி இனத்தோடு ஒட்டிப் பிறந்த குணமன்று. பாசியைச் சுரண்டித் தின்னும் தலைப்பிரட்டை, தவளையானபின் பூச்சி தின்கிறது. ஓருயிரே ஒரே ஆயுளில் ஒரு படியிலிருந்து மற்றொன்றுக்கு ஏறிவிடுகிறது.

1927இல் சார்லஸ் எல்ட்டன் உணவுச் சங்கிலியை விளக்கியபோது, கீழ்ப்படியில் பெருந்தொகையும் மேற்படியில் சிறுதொகையுமாக உயிர்கள் கூம்புபோல் அடுக்கப்பட்டிருப்பதையும் காட்டினார். உண்டதில் பெரும்பகுதி உண்டவற்றின் இயக்கத்திலேயே செலவாகிவிடுவதால், மேலே செல்லச்செல்ல எஞ்சுவது சொற்பம். அவ்வாறாயின், ஒரு குளத்தில் மீனுண்ணிகள் இத்தனை திரண்டிருப்பது எவ்வாறு? கூந்தன்குளம் அவற்றுக்கு வீடேயன்றி முழுச் சமையற்கட்டன்று என்பதே விடை. அவை சுற்றுவட்டாரக் குளங்களுக்கும் பறந்து சென்று இரை தேடி, வயிற்றில் கொணர்ந்ததைக் கூட்டில் கக்கிக் குஞ்சுகளுக்கு ஊட்டுகின்றன; ஆகவே இக்கூம்பின் அடித்தளம் கரையோடு முடியாமல் பாசனப்பரப்பெங்கும் விரிந்து கிடக்கிறது. பற்பல குளங்களின் மீன் எச்சமாகி இங்கே விழுகிறது. அவ்வெச்சம் கரைந்த நீரும் வண்டலும் பயிருக்கு உரமென்பது இவ்வூரார் தலைமுறையாகக் கண்ட உண்மை. பறவைகளை அவர்கள் பேணுவதற்குப் பாசத்தோடு இதுவும் காரணம். அவ்வண்டல் சேர்ந்த வயலின் பயிரையே அடுத்த பனிக்காலத்தில் வரித்தலை வாத்து மேய்கிறது. இடையே அவ்வண்டலைக் கூடையில் அள்ளி வயலுக்குச் சுமந்த சம்சாரியை எந்தப் படியில் வைப்பதென்று எல்ட்டனின் கூம்பைக் கொண்டு சொல்ல முடிவதில்லை.