"எப்படி இருக்கீங்க?" என்ற கேள்விக்கு மார்க் போட்ட கதை

த்ரெட். கொஞ்சம் நீளம்தான். வீட்ல ஹார்ட் ஃபெயிலியர் உள்ளவங்க இருந்தா பொறுமையா கடைசி வரைக்கும் படிங்க.

1/ ஹார்ட் ஃபெயிலியர்னா இதயம் நின்னு போறது இல்ல. உடம்புக்குத் தேவையான அளவு ரத்தத்தை இதயத்தால சரியா பம்ப் பண்ண முடியாத நிலை. நடந்தா மூச்சு வாங்கும், கால் வீங்கும், ரெண்டு மூணு தலகாணி வச்சாதான் தூக்கம் வரும். வருஷக்கணக்கா கூடவே இருக்கிற நோய்.

2/ இதுக்குக் கொடுக்கிற சிகிச்சை வேலை செய்யுதான்னு எப்படித் தெரிஞ்சுக்கறது? எக்கோவுல பம்பிங் சதவீதம் பாக்கலாம். நோயாளி எவ்வளவு காலம் வாழ்றார்னு கணக்கெடுக்கலாம். இல்ல, அவர்கிட்டயே கேட்கலாம். மூணாவது வழி ரொம்ப சுலபம் மாதிரி தெரியுது இல்லையா? ஆனா ஆராய்ச்சியில அதுக்கு ஒரு இடம் கிடைக்கப் பல பத்தாண்டுகள் ஆச்சு.

3/ முதல் முயற்சி 1928-ல். நியூயார்க் ஹார்ட் அசோசியேஷன் இதய நோயாளிகளை நாலு வகுப்பாப் பிரிச்சது. வழக்கமான வேலை செஞ்சா ஒண்ணும் ஆகலன்னா வகுப்பு 1. சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினா வகுப்பு 4. நடுவுல 2, 3. இன்னிக்கும் நாங்க கேஸ் ஷீட்ல எழுதுறது இதைத்தான்.

4/ இதுல ஒரு சிக்கல். கஷ்டப்படுறது நோயாளி, வகுப்பு போடுறது டாக்டர். 1981-ல் லீ கோல்ட்மேன் குழு ஒரு ஆய்வு வெளியிட்டாங்க. ஒரே நோயாளியை ரெண்டு பேர் தனித்தனியா விசாரிச்சு வகுப்பு போட்டப்ப, ரெண்டு பேரும் ஒரே வகுப்பைச் சொன்னது 56 சதவீதம் பேருக்குத்தான். அதாவது கிட்டத்தட்ட பாதிப் பேரோட வகுப்பு, யார் கேட்டாங்கங்கிறதைப் பொறுத்து மாறுது!

5/ எக்கோ பாத்தா போதாதான்னு கேட்கலாம். போதாது. பம்பிங் 25 சதவீதம் இருக்கிறவர் மார்க்கெட் வரை நடந்து போய்ட்டு வருவார். 45 இருக்கிறவர் குளிச்சிட்டு வந்தாலே மூச்சிரைக்க உட்கார்ந்துடுவார். இதய நோய் பிரிவுல வேலை செஞ்ச எல்லா டாக்டரும் இதைப் பாத்திருப்பாங்க.

6/ 1984-ல் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்துல தாமஸ் ரெக்டர், ஜே கோன் ஆகியோர் 21 கேள்விகள் கொண்ட படிவம் ஒண்ணு உருவாக்கினாங்க. நோயாளியே நிரப்பணும். ஒவ்வொரு கேள்விக்கும் 0 முதல் 5 வரை. மொத்தம் 105. மார்க் கூடக் கூட கஷ்டம் அதிகம்னு அர்த்தம். மூச்சு, வீக்கம் மட்டும் இல்ல. தூக்கம், சாப்பாடு, தாம்பத்தியம், மருத்துவச் செலவு, குடும்பத்துக்குப் பாரமா இருக்கோமோங்கிற எண்ணம், எல்லாமே அதுல கேள்வி.

7/ இப்பதான் கதையில முக்கியமான கட்டம். வெஸ்னரினோன்னு ஒரு மாத்திரை. இதயத்தோட சுருங்கும் பலத்தைக் கூட்டும். 1993-ல் வந்த ஆய்வுல தினம் 60 மில்லிகிராம் எடுத்தவங்கள்ல 13 பேர் இறந்தாங்க. வெற்று மாத்திரை எடுத்த, கிட்டத்தட்ட அதே எண்ணிக்கை உள்ள குழுவுல 33 பேர். வாழ்க்கைத் தரமும் கூடுச்சு. எல்லாருக்கும் ஒரே சந்தோஷம்.

8/ உறுதிப்படுத்த இன்னும் பெரிய ஆய்வு நடத்தினாங்க. 3,833 நோயாளிகள். 1998-ல் முடிவு வந்துச்சு. 60 மில்லிகிராம் எடுத்தவங்க 8-வது வாரமும் 16-வது வாரமும் மினசோட்டா படிவத்துல தெளிவா நல்ல மார்க் வாங்கினாங்க. நல்லா இருக்கோம்னு அவங்களே சொன்னாங்க. ஆனா இறப்பு? வெற்று மாத்திரையில 18.9 சதவீதம். 60 மில்லிகிராமில 22.9 சதவீதம். கூடுதல் இறப்புகளுக்குக் காரணம் பெரும்பாலும் திடீர் மரணம்.

9/ படிவம் பொய் சொல்லல. நோயாளிகளும் பொய் சொல்லல. அவங்க நிஜமாவே தெம்பா இருந்தாங்க. தெம்பைக் கொடுத்த அதே மருந்து சிலரோட ஆயுசையும் எடுத்துச்சு. நல்லா இருக்கிறதும் நீண்ட நாள் இருக்கிறதும் வேற வேற விஷயம். ஒண்ணை அளந்துட்டு இன்னொண்ணு தானா வரும்னு நம்ப முடியாதுன்னு மருத்துவ உலகம் கத்துக்கிட்டது இங்கதான்.

10/ இதுக்கு நேர் எதிர் கதை பீட்டா பிளாக்கர். இதயத்துடிப்பைக் குறைக்கிற மருந்து. பலவீனமான இதயத்துக்கு இதைக் கொடுக்கவே கூடாதுன்னுதான் அப்ப பாடம். 1975-ல் ஸ்வீடன்ல வாக்ஸ்டீன் குழு 7 நோயாளிகளுக்குக் கொடுத்து, முன்னேற்றம் இருக்குன்னு எழுதினாங்க. பெரும்பாலானவங்க நம்பல. 1999-ல் மெட்டோப்ரோலால் வச்சு நடந்த பெரிய ஆய்வுல இறப்பு 34 சதவீதம் குறைஞ்சது. ஆனா ஆரம்ப வாரங்கள்ல சிலருக்கு அசதி கூடும். அந்த நேரத்து உணர்வை மட்டும் வச்சு முடிவெடுத்திருந்தா உயிர் காக்கிற மருந்தைத் தூக்கிப் போட்டிருப்போம்.

11/ அப்ப நோயாளியைக் கேட்கிறதே வீணா? இல்லவே இல்ல. இன்னும் நுணுக்கமா கேட்கணும்னு புரிஞ்சுது. 2000-ல் கேன்சஸ் சிட்டியைச் சேர்ந்த ஜான் ஸ்பெர்டஸ் குழு 23 கேள்விப் படிவம் வெளியிட்டாங்க. கடைசி ரெண்டு வாரத்தைப் பத்திக் கேட்கும். மார்க் 0 முதல் 100. இதுல கூடினா நல்லது. 5 மார்க் மாறினாலே நோயாளிக்குத் தெரியுற அளவு மாற்றம்.

12/ 2019-ல் வந்த டாபாக்ளிஃப்ளோசின் ஆய்வுல (4,744 பேர்) இறப்பையும் எண்ணினாங்க, இந்தப் படிவத்தையும் நிரப்ப வச்சாங்க. இறப்பு குறைஞ்சது. எட்டு மாசத்துல அறிகுறி மார்க் 5 அல்லது அதுக்கு மேல கூடினவங்க மருந்துக் குழுவுல 58.3 சதவீதம், வெற்று மாத்திரைக் குழுவுல 50.9. ரெண்டு கணக்கும் ஒரே பக்கம் சாஞ்சா டாக்டருக்கும் நிம்மதி, நோயாளிக்கும் நிம்மதி.

13/ அதே 2019-ல் அமெரிக்க எஃப்.டி.ஏ. ஒரு வரைவு வழிகாட்டுதல்ல, ஆயுளைக் கூட்டாட்டியும் அறிகுறியையோ அன்றாடச் செயல்பாட்டையோ மேம்படுத்துற ஹார்ட் ஃபெயிலியர் மருந்துக்கு அனுமதி கிடைக்கலாம்னு சொன்னது. மருந்தால இறப்பு எவ்வளவு கூடுதுங்கிறதையும் பாத்துதான். 2020-ல் கேன்சஸ் சிட்டி படிவத்தை மருந்து ஆய்வுகளுக்கான அளவுகோலா ஏத்துக்கிட்டது. 1928-ல் டாக்டர் கையில இருந்த பேனா நோயாளி கைக்கு முறைப்படி போய்ச் சேர 92 வருஷம்.

14/ இதுல உங்களுக்கு என்ன இருக்கு? அடுத்த செக்கப்ல டாக்டர் "எப்படி இருக்கீங்க?"ன்னு கேட்டா "பரவாயில்ல சார்"னு முடிச்சுடாதீங்க. கடைசி ரெண்டு வாரக் கணக்கைச் சொல்லுங்க. எத்தனை படி ஏறினா நிக்க வேண்டியிருக்கு? எத்தனை தலகாணி? கால் வீக்கம் எத்தனை நாள்? முன்னாடி செஞ்ச எந்த வேலையை இப்ப விட்டுட்டீங்க? அப்பா, அம்மா கூடப் போறவங்களும் இதைக் கவனிச்சு வைங்க. பெரியவங்க பாதியைச் சொல்லாம மறைப்பாங்க.

15/ தெம்பா இருக்குன்னு மாத்திரையை நிறுத்தாதீங்க. அசதியா இருக்குன்னும் நீங்களா நிறுத்தாதீங்க. ரெண்டையும் டாக்டர்கிட்ட சொல்லுங்க. தெம்பு முக்கியமா, ஆயுசு முக்கியமாங்கிற கேள்வி உங்களுக்கு வந்தா அதையும் வாய்விட்டுக் கேளுங்க. எந்தப் படிவத்துலயும் அதுக்கு விடை இல்ல. உங்க டாக்டரும் நீங்களும் உட்கார்ந்து பேசித்தான் முடிவு பண்ணணும்.