தணிக்கையாளரை அமர்த்துவது யார்? தொழிலகப் பாதுகாப்பு ஆலோசனையும் அதன் சார்பின்மையும்

பிரேசிலின் புருமாடிஞ்ஞோ நகரை அடுத்துள்ள கோரெகோ டோ ஃபெய்ஜாவோ இரும்புத்தாதுச் சுரங்கத்தில், 2019 ஜனவரி 25 அன்று நண்பகல் உணவு வேளையில், கழிவுச் சேற்றைத் தேக்கி வைத்திருந்த அணை சில நொடிகளில் இளகிச் சரிந்தது. தொழிலாளர் உணவகமும் நிர்வாக அலுவலகமும் அணையின் கீழ்ப்புறத்தில், சேறு பாயும் வழியிலேயே இருந்தன. அபாயச் சங்கு ஒலிக்கவில்லை. 270 பேர் இறந்தனர். அணை உறுதியாக இருக்கிறது என்று நான்கு மாதங்களுக்கு முன், 2018 செப்டம்பரில், டூவ் சூட் என்ற ஜெர்மானியத் தணிக்கை நிறுவனத்தின் பிரேசில் கிளை சான்று அளித்திருந்தது.

அந்தச் சான்றின் பின்னால் இருந்த கணக்கு தெளிவானது. அணையின் பாதுகாப்புக் காரணி 1.09 என்று வந்தது. வல்லுநர்கள் பரிந்துரைத்த அளவு 1.3. ஏற்கெனவே அந்த அணையை ஆராய்ந்த வேறோர் ஆலோசனை நிறுவனத்துக்குக் கிடைத்த விடையும் 1.06தான், ஆனால் அந்த நிறுவனம் 1.3 என்ற வரம்பைத் தளர்த்த இசையவில்லை. சான்று கொடுத்தவர்கள் 1.05 இருந்தாலே போதும் என்ற வாதத்தை ஏற்றுக் கையெழுத்திட்டனர். 2020 ஜனவரியில் பிரேசில் அரசு வழக்கறிஞர்கள் சுரங்க நிறுவனத்தையும் சான்றளித்த நிறுவனத்தையும் சேர்ந்த 16 பேர் மீது கொலைக் குற்றம் சாட்டினர்.

இரு நிறுவனங்களும் கணக்கைச் சரியாகவே போட்டன. மண்ணியல் அறிவிலோ கருவிகளிலோ குறை இல்லை. தொழிலகப் பாதுகாப்பு, சுற்றுச்சூழல் நெறி ஆகியவை குறித்த ஆலோசனையும் பயிற்சியும் பொய்த்துப்போகும்போது நாம் வழக்கமாக ஆலோசகரின் திறமையையோ நேர்மையையோ குறை சொல்கிறோம். இன்னும் நல்ல பாடத்திட்டம், இன்னும் கடுமையான தகுதித் தேர்வு என்று தீர்வு தேடுகிறோம். என் வாதம் வேறு. ஆலோசகரைத் தேர்ந்தெடுப்பவரும் கட்டணம் கொடுப்பவரும் அறிக்கையை முதலில் வாங்கிப் பார்ப்பவரும் ஒரே ஆளாக இருக்கும்வரை, திறமையும் நேர்மையும் உள்ளவர்கூட நெருக்கடியான நேரத்தில் விட்டுக்கொடுத்துவிடுவார். திருத்த வேண்டியது அந்த ஏற்பாட்டைத்தான்.

இதை வெறும் ஊகமாகச் சொல்லவில்லை. இந்தியாவிலேயே இதற்குச் சோதனை நடந்திருக்கிறது. மாசு மிகுந்த ஆலைகள் ஆண்டுதோறும் வெளித் தணிக்கையாளரைக் கொண்டு சுற்றுச்சூழல் தணிக்கை செய்து அறிக்கை தர வேண்டும் என்ற திட்டம் உயர் நீதிமன்ற உத்தரவின்பேரில் 1996 முதல் குஜராத்தில் நடைமுறையில் உள்ளது. தொடக்கத்தில் தணிக்கையாளரை ஆலையே தேடிக்கொண்டது; கட்டணத்தையும் ஆலையே பேசி முடித்துக் கொடுத்தது. எஸ்தர் டுஃப்லோ, மைக்கேல் கிரீன்ஸ்டோன், ரோகிணி பாண்டே, நிக்கோலஸ் ரயன் ஆகிய நால்வரும் அம்மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தோடு சேர்ந்து, 2009-இல் தொடங்கி இரண்டு ஆண்டுகள், அகமதாபாத், சூரத் வட்டாரங்களின் 473 ஆலைகளில் இத்திட்டத்தைச் சோதித்தனர். ஒரு பாதி ஆலைகளில் பழைய முறையே நீடித்தது. மறுபாதியில் மூன்று மாற்றங்கள் வந்தன. எந்த ஆலைக்கு எந்தத் தணிக்கையாளர் என்பது குலுக்கல் முறையில் முடிவாயிற்று. கட்டணம் முன்கூட்டியே நிர்ணயிக்கப்பட்டுப் பொது நிதியிலிருந்து வழங்கப்பட்டது. அளவீடுகளில் சிலவற்றை வேறொரு குழு திடீரென்று போய் மீண்டும் அளந்து பார்த்தது. இரண்டாம் ஆண்டில், அளவீடு எவ்வளவு துல்லியம் என்பதைப் பொறுத்துக் கட்டணம் கூடியது.

முடிவுகளை நிதானமாகப் பார்க்க வேண்டும். புகைபோக்கியில் வரும் தூசுக்கு அனுமதிக்கப்பட்ட அளவு ஒரு கனமீட்டருக்கு 150 மில்லிகிராம். பழைய முறையில் இருந்த ஆலைகளில் 7 விழுக்காடு மட்டுமே இந்த வரம்பை மீறுவதாகத் தணிக்கை அறிக்கைகள் கூறின. மீண்டும் அளந்தபோது மீறியவை 59 விழுக்காடு. அறிக்கைகளில் இருந்த எண்களை வரைபடமாக்கினால், 150-க்குச் சற்றுக் கீழே ஒரு குவியல் தெரிந்தது. உண்மையாக அளந்த எண்களில் அப்படி ஒரு குவியலே இல்லை. மாற்றம் செய்யப்பட்ட பாதியிலோ, வரம்பை மீறிய அளவீட்டை வரம்புக்குள் இருப்பதாகப் பொய்யாகக் காட்டும் வாய்ப்பு 80 விழுக்காடு குறைந்தது. அதைவிட முக்கியமானது, அந்த ஆலைகள் வெளியிட்ட மாசும் குறைந்தது. உண்மை வாரியத்துக்குப் போகிறது என்று தெரிந்ததும் முதலாளிகள் செலவு செய்யத் துணிந்தார்கள்.

என் வாதத்துக்கு உயிர்நாடியான செய்தி இன்னொன்று. ஒரே தணிக்கையாளர்கள் இரு பாதிகளிலும் வேலை பார்த்தார்கள். ஆலை கூலி கொடுத்த இடத்தில் பொய் எழுதிய அதே கை, பொது நிதி கூலி கொடுத்த இடத்தில் உண்மை எழுதியது. அவர்கள் கெட்டவர்கள் அல்லர். சந்தையில் தணிக்கைக் கட்டணம், புகைபோக்கி மீது ஏறி முறையாக அளக்க ஆகும் செலவைவிடக் கீழே இறங்கியிருந்தது. அந்த விலைக்கு அளவீட்டை வாங்க முடியாது. காகிதத்தைத்தான் வாங்க முடியும்.

இனிப் பாதுகாப்புத் தணிக்கைக்கு வருவோம். அபாயகரமான வேதிப்பொருள்களைக் கையாளும் ஆலைகளுக்கான 1989-ஆம் ஆண்டு விதிகள், அந்த ஆலையின் தொழிலோடு தொடர்பில்லாத வல்லுநரைக் கொண்டு சார்பற்ற பாதுகாப்புத் தணிக்கை செய்ய வேண்டும் என்கின்றன. அந்த வல்லுநரைத் தேர்ந்தெடுப்பது யார்? ஆலையின் பொறுப்பாளரே. அடுத்த ஆண்டும் அழைப்பதா வேண்டாமா என்பதும் அவர் கையில். பல ஊர்களில் அதே ஆலோசனை நிறுவனம்தான் பயிற்சி வகுப்பும் நடத்துகிறது, அவசரகாலத் திட்டமும் எழுதித் தருகிறது, உரிமம் புதுப்பிக்கும் விண்ணப்பத்தையும் தயாரிக்கிறது. தான் எழுதிக் கொடுத்த திட்டத்தையே தணிக்கை செய்து குறை கண்டுபிடிக்க யாருக்கு மனம் வரும்?

இங்கே ஒரு வலுவான மறுப்பு எழும். மாசை அளக்கலாம், சந்தேகம் வந்தால் மறுநாள் இன்னொருவரை அனுப்பி அளந்து பார்க்கலாம். விபத்தோ எப்போதாவது நடப்பது. பத்து ஆண்டுகள் எதுவும் நடக்கவில்லை என்பதால் தணிக்கை சரியாக இருந்தது என்று ஆகிவிடாது. ஆகவே குஜராத் பாடம் பாதுகாப்புக்குப் பொருந்தாது என்பார்கள். பாதி சரி. விபத்தை மீண்டும் அளக்க முடியாதுதான், ஆனால் விபத்தைத் தடுக்கும் சாதனங்களைச் சோதிக்கலாம். அழுத்த வால்வு திறக்கிறதா, வாயு உணரி கடைசியாக என்றைக்குச் சரிபார்க்கப்பட்டது, அவசர வழியில் பூட்டு தொங்குகிறதா என்பதையெல்லாம் இன்னொருவர் போய்ப் பார்த்து ஒப்பிடலாம்.

2012 செப்டம்பர் 11 அன்று கராச்சி பல்தியா பகுதியில் அலி என்டர்பிரைசஸ் ஆயத்த ஆடை ஆலை எரிந்து 250-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். தீ வைக்கப்பட்டது என்றே பின்னாளில் பாகிஸ்தான் நீதிமன்றம் முடிவு செய்தது. அது உண்மையாகவே இருக்கட்டும். அத்தனை பேர் வெளியேற முடியாமல் போனதற்குக் காரணம் அடைத்திருந்த வாயில்களும் கம்பி போட்ட சன்னல்களும். சில வாரங்களுக்கு முன் அந்த ஆலைக்கு எஸ்ஏ 8000 என்ற தொழிலாளர் நலத் தரச் சான்று கிடைத்திருந்தது. கம்பி போட்ட சன்னலைக் காண எந்தக் கருவியும் தேவையில்லை.

உண்மையான அறிக்கை வந்தால் மட்டும் போதுமா என்றால், போதாது. போபால் நச்சுவாயு விபத்து அதற்குச் சாட்சி. 1982 மே மாதம் யூனியன் கார்பைடின் அமெரிக்கப் பொறியாளர்கள் மூவர் போபால் ஆலைக்கு வந்து ஆய்வு செய்தார்கள். 61 அபாயங்களைப் பட்டியலிட்டார்கள். அவற்றில் 30 பெரியவை. திறமையான ஆய்வு அது, ஒளிவுமறைவு இல்லாததும்கூட. ஆனால் அந்த அறிக்கை நிறுவனத்தின் உள்சுற்றிலேயே நின்றது. ஆலையைச் சுற்றிக் குடியிருந்தவர்கள் அதைப் பார்க்கவில்லை. ராஜ்குமார் கேஸ்வானி என்ற உள்ளூர்ப் பத்திரிகையாளர் அதே 1982-இல் தனியாகத் தகவல் திரட்டி எச்சரித்து எழுதினார்; யாரும் செவிகொடுக்கவில்லை. 1984 டிசம்பர் 2 இரவு மெத்தில் ஐசோசயனேட் தொட்டியில் தண்ணீர் புகுந்தபோது, குளிரூட்டும் அமைப்பு மாதக்கணக்காக நிறுத்தப்பட்டிருந்தது. வாயுவைக் கழுவும் கோபுரம் இயக்கத்தில் இல்லை. எரித்து அழிக்கும் கோபுரம் குழாய்ப் பழுதுக்காகத் துண்டிக்கப்பட்டிருந்தது.

நாடாளுமன்றம் அதிலிருந்து கற்றுக்கொண்டது என்றே சொல்வேன். 1987-இல் தொழிற்சாலைகள் சட்டத்தில் சேர்த்த 41-பி பிரிவு, அபாயங்களைத் தொழிலாளருக்கும் சுற்றுப்புற மக்களுக்கும் தெரிவிப்பதைக் கட்டாயமாக்கியது. 41-ஜி தொழிலாளரும் நிர்வாகமும் சம எண்ணிக்கையில் அமரும் பாதுகாப்புக் குழுவைக் கொண்டுவந்தது. 111-ஏ பாதுகாப்புத் தகவலைப் பெறுவதையும் பயிற்சி பெறுவதையும் தொழிலாளியின் உரிமை ஆக்கியது. பயிற்சியை முதலாளியின் கருணையாக அல்லாமல் உரிமையாக எழுதிய அந்தப் பிரிவை நம் பயிற்சி நிறுவனங்கள் தங்கள் வகுப்பில் சொன்னதே அபூர்வம்.

பயிற்சியில் என்ன நடக்கிறது என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு போதும். தோல் ஆலைகளிலும் சாய ஆலைகளிலும் கழிவுநீர் சேரும் தொட்டி இருக்கும். அதில் ஹைட்ரஜன் சல்ஃபைடு உருவாகும். அழுகிய முட்டை நாற்றம் வந்தால் இறங்காதே என்பதுதான் வகுப்பில் சொல்லித் தரப்படும் பாடம். அந்தப் பாடத்தை அப்படியே நம்புகிறவர் சாகக்கூடும். மிகக் குறைந்த அளவிலேயே நாறும் அந்த வாயு, 100 பிபிஎம் அளவைத் தாண்டினால் சில நிமிடங்களில் மோப்பத்தை மரத்துப்போகச் செய்துவிடும். நாற்றம் நின்றுவிட்டது, காற்று சுத்தமாகிவிட்டது என்று நினைத்து இறங்குகிறவர் சுருண்டு விழுவார். அவரைத் தூக்கப் போகிற இரண்டாமவரும் விழுவார். காற்றைவிடக் கனமான வாயு அடியில் தங்கும் என்பதால் உணரியைக் கயிற்றில் கட்டி மேல், நடு, அடி மூன்றிலும் இறக்கிப் பார்க்க வேண்டும். தொழிற்சாலைகள் சட்டத்தின் 36-ஆம் பிரிவு, இறங்குவது பாதுகாப்பானது என்று தகுதி பெற்றவர் சோதித்து எழுத்தில் சான்று தர வேண்டும் என்றது. இல்லையென்றால் இறங்குபவர் சுவாசக் கருவி அணிந்து இடுப்பு வாரோடு கயிறு கட்டியிருக்க வேண்டும், கயிற்றின் மறுமுனையை வெளியே நிற்பவர் பிடித்திருக்க வேண்டும் என்றது. இவ்வளவு துல்லியமாக எழுதிய சட்டத்தை நம் பயிற்சி, அரை மணி நேரப் படக்காட்சியாகவும் வருகைப் பதிவேட்டில் ஒரு கையெழுத்தாகவும் சுருக்கிவிடுகிறது. பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்த கான்ட்ராக்ட் ஆட்கள் தமிழ் வகுப்பில் உட்கார்ந்து அந்தக் கையெழுத்தைப் போட்டுவிட்டுப் போகிறார்கள். தணிக்கையாளர் வரும்போது பார்ப்பது அந்தப் பதிவேட்டைத்தான். தொட்டி ஓரத்துக்கு அந்தத் தொழிலாளியை அழைத்துப்போய், உணரியைக் கையில் கொடுத்து, செய்துகாட்டச் சொல்லித் தணிக்கை செய்தால் பயிற்சியின் தரம் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

அப்படிச் செய்துகாட்டத் தெரிந்தவருக்கும் இறங்க மறுக்கும் துணிவு இருக்குமா என்பது வேறு கேள்வி. 41-எச் பிரிவு, உடனடி அபாயம் தெரிந்தால் நிர்வாகத்துக்கும் ஆய்வாளருக்கும் எச்சரிக்கை தரும் உரிமையை வழங்கியது. 1981-ஆம் ஆண்டின் 155-ஆவது பன்னாட்டுத் தொழிலாளர் உடன்படிக்கையோ ஒரு படி மேலே போய், அபாயத்திலிருந்து விலகி நின்ற தொழிலாளியைத் தண்டிக்காமல் காக்கச் சொல்கிறது. விலகி நிற்கும் உரிமை இல்லாத இடத்தில் பயிற்சி என்பது, தான் சாகப்போவதை முன்கூட்டியே அறிந்துகொள்வதாக முடிந்துவிடும்.

சுற்றுச்சூழல் வேறு, பாதுகாப்பு வேறு என்று ஆலோசனைத் தொழில் பிரிந்து கிடப்பதும் ஆபத்தானது. 2015 ஜனவரி 31 அதிகாலை ராணிப்பேட்டை சிட்கோ தொழிற்பேட்டையில், தோல் ஆலைகளின் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் கசடு தேக்கிய தொட்டியின் சுவர் இடிந்து, அடுத்த ஆலையில் தூங்கிக்கொண்டிருந்த பத்துத் தொழிலாளர் கசடில் மூழ்கி இறந்தனர். கழிவு பாலாற்றுக்குப் போகக் கூடாது என்பது சரியான விதி. போகாத கழிவு எங்கேயோ தேங்கும். அதைத் தாங்கும் சுவர் ஒன்று இருக்கும். அந்தச் சுவருக்கு அப்பால் யாரோ தூங்குவார்கள். நீரின் தரத்தைப் பார்க்கிற கணக்கிலும் எந்திரத்தின் வேலியைப் பார்க்கிற கணக்கிலும் அந்தச் சுவர் வராமல் போகலாம்.

2025 ஆகஸ்டில் மத்திய அரசு வெளியிட்ட சுற்றுச்சூழல் தணிக்கை விதிகள், பதிவு பெற்ற தனியார் தணிக்கையாளர்களைக் குலுக்கல் முறையில் ஆலைகளுக்கு ஒதுக்க வழி செய்கின்றன. குஜராத் பாடத்தின் ஒரு பகுதி சட்டத்துக்குள் வந்துவிட்டது என்பதில் எனக்கு மகிழ்ச்சி. ஆனால் அங்கே குலுக்கலோடு பொது நிதிக் கட்டணமும் மறு அளவீடும் சேர்ந்துதான் பலன் தந்தன. ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டால் அதே பலன் வரும் என்று எதிர்பார்க்க முடியாது. பாதுகாப்புத் தணிக்கைக்கோ குலுக்கலும் இல்லை.

சிறு தொழில்கள் இந்தச் செலவைத் தாங்குமா என்று கேட்பார்கள். இப்போதும் அவை தணிக்கைக்குப் பணம் கொடுத்துக்கொண்டுதான் இருக்கின்றன, தங்களுக்கே பயன்படாத காகிதத்துக்கு. அந்தத் தொகையை உரிமக் கட்டணத்தோடு சேர்த்து, ஆலையின் அபாய அளவுக்கேற்பப் பொது நிதியில் வசூலிக்கலாம். ஓர் ஆலைக்குத் திட்டம் எழுதிய அல்லது பயிற்சி நடத்திய நிறுவனத்துக்குக் குறைந்தது மூன்று ஆண்டுகள் அதே ஆலையின் தணிக்கையை ஒதுக்கக் கூடாது. அறிக்கையின் படி ஆய்வாளருக்குப் போகும் அதே நாளில் ஆலையின் பாதுகாப்புக் குழுவின் தொழிலாளர் பிரதிநிதிகளுக்கும் போக வேண்டும், அவர்கள் படிக்கும் மொழியில். தமிழ்நாட்டில் பெருவிபத்து அபாயமுள்ள ஆலைகளின் பட்டியல் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்திடம் இருக்கிறது. அந்தப் பட்டியலில் பாதியைக் குலுக்கலில் எடுத்து இரண்டு ஆண்டுகள் இந்த முறையை நடத்திப் பார்த்து, இரு பாதிகளின் அறிக்கைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்க இன்றைக்கு எந்தத் தடையும் இல்லை.