பூட்டு ஊரில் இரண்டாவது வாசல்

திண்டுக்கல் பூட்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. திருடனுக்குப் பயந்து ஒரே வாசல், ஒரே பூட்டு என்று கட்டிப் பழகிவிட்டோம். தீக்கு அது போதாது.

2001 ஆகஸ்ட் 6 அதிகாலை, ஏர்வாடிக் கீற்றுக் கொட்டகை எரிந்தது. சங்கிலியில் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகளால் ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். 2004 ஜூலை 16, கும்பகோணம் பள்ளியில் சமையல் நெருப்பு கூரைக்குத் தாவி 94 குழந்தைகள். 2024 டிசம்பர் 12 இரவு, திண்டுக்கல் திருச்சி சாலை மருத்துவமனையில் 6 பேர். லிஃப்டுக்குள் புகையில் மூச்சுத்திணறிக் கிடந்தார்கள்.

கார் ஷெட்டில் கட்டில் போட்டு வாடகைக்கு விடுறோம். ஆள் படுத்துட்டா அது ஷெட் இல்ல, வீடு. காருக்கு ஒரு ஷட்டர் போதும். தூங்குறவங்களுக்கு, சாவி தேடாம உள்ளேயிருந்து திறக்கிற இன்னொரு வழி வேணும்.