வெள்ளைப் பக்கம்: மவுண்ட் காக்ஸ் சைட்டை டிபக் பண்ணலாம் வாங்க

இன்னைக்கு எபிசோட் ஒரு வெப்சைட் லோட் ஆகாத கதை.

2014 பிப்ரவரி 25. டோக்கியோவில் இருந்து இயங்கிய மவுண்ட் காக்ஸ் என்கிற பிட்காயின் எக்ஸ்சேஞ்சின் முகவரியை டைப் செய்தவர்களுக்கு ஒரு வெள்ளைப் பக்கம் வந்தது. லோகோ இல்லை, லாகின் பட்டன் இல்லை, எரர் மெசேஜ்கூட இல்லை. 2013-ல் உலகம் முழுக்க நடந்த பிட்காயின் வர்த்தகத்தில் சுமார் 70 சதவீதம் இந்த ஒரே சைட் வழியாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

இப்படி ஒரு பக்கம் வந்தால் நாம என்ன செய்வோம்? ரிஃப்ரெஷ். அப்புறம் கேஷ் கிளியர். வைஃபையை ஆஃப் பண்ணிட்டு மொபைல் டேட்டா. "மச்சி, உனக்கு ஓப்பன் ஆகுதா?" என்று நண்பனுக்கு ஒரு மெசேஜ். ஆபீஸில் ஒரு டிக்கெட் வந்தால் எங்களை மாதிரி இன்ஜினியர்களும் இதையேதான் செய்வோம், கொஞ்சம் வரிசையாக. முதலில் போகும் வழி, அப்புறம் சர்வர், அப்புறம் டேட்டாபேஸ், கடைசியில் அதற்கும் அடியில் என்ன இருக்கோ அது. ஒவ்வொரு அடுக்காகக் கீழே இறங்குவோம்.

இன்னைக்கு அந்த வெள்ளைப் பக்கத்தை அதே மாதிரி டிபக் பண்ணலாம். ஒவ்வொரு அடுக்கும் உடைஞ்சா என்ன ஆகும் என்பதற்கு கிரிப்டோ வரலாற்றில் தனித்தனியாகச் சம்பவம் இருக்கு. அதையும் சேர்த்துப் பார்த்துட்டு வருவோம்.

முதல் அடுக்கு, வழி. நாம டைப் பண்ணுற பெயரை ஒரு எண் முகவரியாக மாற்றுவது டிஎன்எஸ். அந்த முகவரிக்குப் போகிற பாதையை நெட்வொர்க்குகள் தங்களுக்குள் பேசி முடிவு செய்கின்றன. இங்கே பிரச்சினை என்றால் சைட் நல்லாவே ஓடிட்டிருக்கும், ஆனா நம்மால போக முடியாது.

இந்தியாவில் இருக்கிறவங்களுக்கு இதில் ஒரு நேரடி அனுபவம் உண்டு. 2023 டிசம்பர் கடைசியில், மத்திய அரசின் நிதி உளவுப் பிரிவு பைனான்ஸ் உள்பட 9 வெளிநாட்டு எக்ஸ்சேஞ்சுகளுக்கு நோட்டீஸ் அனுப்பியது. பணமோசடித் தடுப்புச் சட்டப்படி இங்கே பதிவு செய்யவில்லை என்பது புகார். 2024 ஜனவரியில் அந்த சைட்டுகள் இந்தியாவில் முடக்கப்பட்டன. அதே நேரம் மற்ற நாடுகளில் அவை வழக்கம்போல ஓடிக்கொண்டிருந்தன. பைனான்ஸ் பிறகு பதிவு செய்து, அபராதம் கட்டி, திரும்பி வந்தது. பேஜ் லோட் ஆகலை, காயின் எங்கேயும் போகலை. இது ஒரு வகை.

இதே அடுக்கில் இதற்கு நேர் எதிரான சம்பவமும் இருக்கு. 2018 ஏப்ரல் 24. மைஈதர்வாலெட் என்பது எக்ஸ்சேஞ்ச் இல்லை, ஈதர் வைத்திருப்பவர்கள் பயன்படுத்தும் வாலெட் சைட். அதன் பெயரை எண்ணாக மாற்றித் தந்தது அமேசானின் டிஎன்எஸ் சேவை. அந்த சேவையின் முகவரிகளுக்குப் போக "எங்க வழியா வாங்க" என்று யாரோ நெட்வொர்க்குகளுக்குப் பொய்யாக அறிவித்தார்கள். பல நெட்வொர்க்குகள் நம்பிவிட்டன. சுமார் இரண்டு மணி நேரம், சரியான முகவரியை டைப் செய்தவர்களில் பலர் போலி சைட்டுக்குப் போனார்கள். பிரவுசர் மட்டும் சான்றிதழ் சரியில்லை என்று எச்சரித்தது. அதைத் தாண்டி உள்ளே போய் லாகின் செய்தவர்கள் இழந்தது சுமார் 1.5 லட்சம் டாலர். இங்கே பேஜ் லோட் ஆச்சு, அதுதான் ஆபத்து.

சரி, காக்ஸுக்கு வருவோம். அன்று உலகத்தில் எங்கே இருந்து போனாலும் அதே வெள்ளைப் பக்கம்தான். வழியில் பிரச்சினை இல்லை. அடுத்த அடுக்கு, சர்வர்.

காக்ஸ் சர்வர் திணறுவது புதுசு இல்லை. அந்தப் பெயரின் கதையே அப்படி. ஜெட் மெக்கேலப் என்ற புரோகிராமர், மேஜிக் என்ற விளையாட்டின் கார்டுகளை ஆன்லைனில் விற்கவும் வாங்கவும் ஒரு சைட் நடத்தலாம் என்று வாங்கி வைத்த டொமைன் அது. 2010 ஜூலையில் அதையே பிட்காயின் எக்ஸ்சேஞ்சாக மாற்றினார். 2011 மார்ச்சில், டோக்கியோவில் வாழ்ந்த பிரெஞ்சுக்காரரான மார்க் கார்பலெஸ் கைக்கு விற்றுவிட்டார்.

2013 ஏப்ரலில் பிட்காயின் விலை ஏறிக்கொண்டே போனது. மாதத் தொடக்கத்தில் காக்ஸ் மீது பெரிய டிடாஸ் தாக்குதல். அதாவது போலி டிராஃபிக்கை அள்ளிக் கொட்டி சர்வரை மூச்சுத்திணற வைப்பது. தாக்குகிறவர்களின் நோக்கத்தை காக்ஸே விளக்கியது: விலை உச்சத்தில் விற்றுவிட்டு சைட்டை முடக்குவார்கள், மற்றவர்கள் பயந்துபோய் விற்பார்கள், விலை விழுந்ததும் மலிவாக வாங்குவார்கள். கவனிச்சுப் பாருங்க, ஒரு பேஜ் லோட் ஆகாமல் இருப்பதே இங்கே லாபம் சம்பாதிக்கும் கருவி.

அடுத்த வாரம், ஏப்ரல் 10 அன்று விலை 266 டாலரைத் தொட்டு, அதே நாளில் பாதிக்கும் கீழே விழுந்தது. ஆர்டர் போட்டால் நிறைவேற நேரம் ஆனது. இந்த முறை தாக்குதல் இல்லை, கூட்டம்தான் காரணம் என்றது காக்ஸ். அப்போது ஒரு நாளைக்கு சுமார் 20,000 புதுக் கணக்குகள் திறக்கப்பட்டன என்பது அவர்கள் சொன்ன கணக்கு. சந்தை சூடு தணியட்டும் என்று வர்த்தகத்தைச் சில மணி நேரம் நிறுத்தியும் வைத்தார்கள். அப்போதும் பலரின் அறிவுரை ஒன்றுதான்: பொறுமையா இரு, சர்வர் திரும்பி வரும். வந்தது.

2014-ல் ஏன் வரவில்லை? விஷயம் தெரிந்த சிலர் அந்த வெள்ளைப் பக்கத்தின் சோர்ஸைத் திறந்து பார்த்தார்கள். உள்ளே ஒரு எச்டிஎம்எல் கமென்ட் இருந்தது: காக்ஸ் கை மாறும் அறிவிப்பை இங்கே போட வேண்டும் என்ற பொருளில் ஒரே ஒரு வரி. அப்படியென்றால் சர்வர் உயிரோடுதான் இருக்கு. கேட்டதும் பதில் அனுப்புகிறது. யாரோ உட்கார்ந்து வேண்டுமென்றே காலி பேஜ் போட்டிருக்கிறார்கள். இரண்டாவது அடுக்கும் பாஸ்.

மூன்றாவது அடுக்கு, டேட்டாபேஸ். இங்கேதான் எக்ஸ்சேஞ்ச் என்றால் என்ன என்று புரிஞ்சுக்கணும். நகைக் கடையில் மாதச் சீட்டு கட்டுகிறவங்க கையில் ஒரு அட்டை இருக்கும். எத்தனை கிராம் சேர்ந்திருக்கு என்று அதில் எழுதியிருப்பார்கள். தங்கம் அட்டையில் இல்லை. கடையில் இருக்கு என்று நம்புகிறோம். எக்ஸ்சேஞ்ச் சைட்டில் தெரியும் பேலன்ஸும் அந்த அட்டைதான், டேட்டாபேஸில் ஒரு வரிசை. உண்மையான காயின் பிளாக்செயினில் கம்பெனியின் வாலெட்டில் இருக்கும், அதன் பிரைவேட் கீ கம்பெனி கையில் இருக்கும்.

2011 ஜூன் 19-ல் இந்த டேட்டாபேஸ் அடுக்கு உடைந்தது. திருடப்பட்ட ஒரு கணக்கு வழியாக உள்ளே வந்தவர்கள் ஏராளமான பிட்காயினை ஒரே நேரத்தில் விற்பனைக்குக் கொட்டினார்கள். 17 டாலருக்கு மேல் இருந்த விலை காக்ஸில் 1 சென்ட் வரை போனது. வாடிக்கையாளர் விவரங்களும் வெளியே கசிந்தன. சைட் ஒரு வாரம் மூடிக் கிடந்தது.

அந்த வாரத்தில் காக்ஸ் ஒரு நல்ல காரியம் செய்தது. முன்கூட்டியே அறிவித்துவிட்டு, சரியாக 4,24,242 பிட்காயினை ஒரு முகவரியில் இருந்து இன்னொன்றுக்கு நகர்த்தியது. சைட் மூடியிருக்கு, ஆனா பிளாக்செயின் எல்லாருக்கும் திறந்திருக்கு. யார் வேண்டுமானாலும் பார்க்கலாம்: கீ எங்கள் கையில்தான் இருக்கு, காயின் இருக்கு. வெப்சைட் இல்லாமலே கிடைத்த ஆதாரம் அது.

2014 பிப்ரவரியில் எல்லாரும் காத்திருந்தது இப்படி ஒரு ஆதாரத்துக்குத்தான். பிப்ரவரி 7 அன்றே பிட்காயினை வெளியே எடுப்பது நிறுத்தப்பட்டிருந்தது. பேஜ் அப்போது ஒழுங்காக லோட் ஆனது, பேலன்ஸ் தெரிந்தது, வாங்கலாம், விற்கலாம். வெளியே எடுக்க மட்டும் முடியாது. பிட்காயின் புரோட்டோகாலில் உள்ள ஒரு குறை காரணம் என்றது கம்பெனி. ஒரு பரிவர்த்தனையின் அடையாள எண்ணை வேறு யாராவது மாற்ற முடியும் என்ற குறை அது. லண்டனில் இருந்து விமானம் ஏறி வந்த ஒரு வாடிக்கையாளர், எங்கள் பணம் எங்கே என்று அட்டை பிடித்து ஷிபுயா அலுவலக வாசலில் நின்றார். நகர்த்திக் காட்ட இந்த முறை காயின் இல்லை.

பிப்ரவரி 28 அன்று காக்ஸ் டோக்கியோ நீதிமன்றத்தில் பாதுகாப்பு கேட்டு மனு போட்டது. காணாமல் போனது சுமார் 8.5 லட்சம் பிட்காயின், அதில் 7.5 லட்சம் வாடிக்கையாளர்களுடையது. அன்று உலகத்தில் இருந்த மொத்த பிட்காயினில் சுமார் 7 சதவீதம். அடுத்த மாதம் ஒரு பழைய வாலெட்டில் சுமார் 2 லட்சம் கிடைத்தது என்று அறிவித்தார்கள்.

புரோட்டோகால் குறை என்ற விளக்கத்தை சூரிச் இடிஎச் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இருவர் சோதித்தார்கள். அந்த வழியில் காக்ஸிடம் இருந்து போயிருக்கக்கூடியது அதிகபட்சம் 386 பிட்காயின் என்று கண்டார்கள். அப்படியானால் மீதி? அமெரிக்க நீதித்துறை 2023-ல் வெளியிட்ட குற்றச்சாட்டின்படி, திருட்டு தொடங்கியது 2011 செப்டம்பர் வாக்கில். மொத்தம் சுமார் 6.47 லட்சம் பிட்காயின். அதில் பெரும்பகுதி 2013 நடுப்பகுதிக்குள் போய்விட்டது என்பது பிளாக்செயினைத் தோண்டிப் பார்த்த தனி ஆய்வாளர்களின் முடிவு.

இந்தத் தேதிகளை ஒருமுறை பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்க. சைட் நின்றது 2014 பிப்ரவரி. காயின் போகத் தொடங்கியது 2011. இடையில் இரண்டரை வருடம் பேஜ் தினமும் லோட் ஆகிட்டு இருந்தது. பேலன்ஸ் சரியாகக் காட்டியது. 2013 ஏப்ரலில் சர்வர் திரும்பி வந்ததும் நிம்மதிப் பெருமூச்சு விட்டவர்களின் காயினில் ஒரு பகுதி ஏற்கெனவே அங்கே இல்லை. 2019-ல் டோக்கியோ மாவட்ட நீதிமன்றம் கார்பலெஸைக் கையாடல் குற்றச்சாட்டில் இருந்து விடுவித்தது. மின்னணுப் பதிவுகளில் பொய்யான தகவல் சேர்த்ததற்கு மட்டும் நிறுத்திவைக்கப்பட்ட தண்டனை கொடுத்தது. அட்டையில் இருந்த கணக்குக்கும் பெட்டகத்துக்கும் சம்பந்தம் போய்ப் பல நாள் ஆகியிருந்தது.

அதனால் நம்ம டிபக் ரிசல்ட் இது. "பேஜ் லோட் ஆகுதா?" ஒரு கேள்வி. "காயின் இருக்கா?" வேறு கேள்வி. முதல் கேள்விக்கான பதில் இரண்டாவதற்கு எதையும் நிரூபிக்காது. நம்ம ஊரிலேயே பாருங்க: 2024 ஜூலை 18 அன்று வாசிர்எக்ஸில் இருந்து 23 கோடி டாலருக்கும் மேல் மதிப்புள்ள காயின் திருடு போனது. ஆப் திறந்தது, பேலன்ஸ் தெரிந்தது, வெளியே எடுக்க முடியவில்லை.

அடுத்த முறை உங்க எக்ஸ்சேஞ்ச் லோட் ஆகலைன்னா, முதலில் வழியைப் பாருங்க: வேற நெட்வொர்க்கில் திறக்குதா, வேற ஊரில் திறக்குதா. பிரவுசர் சான்றிதழ் எச்சரிக்கை காட்டினா அங்கேயே நில்லுங்க. பதற்றத்தில் தேடும்போது முதலில் வரும் விளம்பர லிங்கையோ, கஸ்டமர் கேர் என்று தானாக மெசேஜ் பண்ணுறவரையோ நம்பாதீங்க. அதைவிட முக்கியமான சோதனை சைட் நல்லா ஓடுற நாளில் செய்ய வேண்டியது: கொஞ்சம் காயினை உங்க சொந்த வாலெட்டுக்கு எடுத்துப் பாருங்க. வந்து சேர்ந்தால் அன்றைக்கு அந்தக் கதவு திறந்திருக்கு என்று அர்த்தம். உங்க கையில் கீ இருக்கிற காயின் மட்டும்தான் எந்த சைட்டையும் நம்பி இல்லை.

காக்ஸ் வாடிக்கையாளர்களுக்கு மிச்சமிருந்த பிட்காயின் திரும்பக் கிடைக்கத் தொடங்கியது 2024 ஜூலையில். அந்த வெள்ளைப் பக்கம் வந்து பத்து வருடம் கழித்து.

அடுத்த எபிசோடில் பார்ப்போம்.