வாடகையும் கூரையும்

தோட்டத்தை விட்டு வந்த குடும்பங்கள் சில, ஊழியர் சேமநிதிப் பணத்தோடு பிள்ளைகளின் சம்பளத்தையும் சேர்த்து வீடு வாங்கி வாடகைக்கு விடுகின்றன. நல்ல முயற்சிதான். ஆனால், கைக்கு வரும் வாடகை முழுவதும் நம் வருமானமாகுமா? ஈப்போ நகரின் பழைய கடைவீடுகளின் வரலாறு இதற்கு விடை கூறுகிறது.

ஈயத்தால் வளர்ந்த ஊர் ஈப்போ. 1892ஆம் ஆண்டுத் தீவிபத்தில் ஊரின் பெரும்பகுதி எரிந்தது. அதன்பின் நேரான தெருக்கள் அமைந்தன. செங்கல் கடைவீடுகள் வரிசையாக எழுந்தன. கீழே கடை, மேலே குடியிருப்பு, மரச்சட்டத்தின்மேல் ஓட்டுக் கூரை. இத்தகைய கூரையில் ஓர் ஓடு நகர்ந்தால் மழைநீர் உத்தரத்தில் இறங்கும், உத்தரம் உளுத்துப்போகும், பிறகு சுவரும் தாங்காது. உடனே கவனித்தால் ஓர் ஓட்டின் செலவு. தள்ளிப்போட்டால் கூரை முழுவதன் செலவு.

ஜப்பானியர் ஆட்சிக்குப் பிந்திய ஆண்டுகளில் நாட்டில் வீட்டுப் பஞ்சம் நிலவியது. ஏழைக் குடித்தனக்காரர்களைக் காக்க வாடகைக் கட்டுப்பாடு வந்தது. 1966ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம், 1948 ஜனவரி 31ஆம் தேதிக்கு முன் கட்டிய கட்டடங்களைத் தன் பிடியில் வைத்திருந்தது. அவற்றின் சொந்தக்காரர் விருப்பம்போல் வாடகையை உயர்த்தவோ, குடியிருப்போரை வெளியேற்றவோ முடியாது. இதனால் எளியவர்கள் நகரின் நடுவிலேயே பிழைக்க முடிந்தது. ஆனால், கூலியும் பலகை விலையும் ஏறிக்கொண்டே போக, வாடகை மட்டும் பின்தங்கி நின்றது. மராமத்துக்குப் பணம் இல்லை என்றார் சொந்தக்காரர். பிறர் வீட்டுக்கு நான் ஏன் செலவழிக்க வேண்டும் என்றார் குடியிருப்பவர். இருவருக்கும் நடுவில் மழை மட்டும் தவறாமல் பெய்தது.

கட்டுப்பாட்டை நீக்கும் சட்டம் 1997 செப்டம்பர் 1ஆம் தேதி நடப்புக்கு வந்தது. 1999 இறுதிவரை, 28 மாதங்கள், இடைக்காலமாக விடப்பட்டன. அதன்பின் வாடகை உயர, நெடுங்காலம் இருந்தவர்கள் பலர் வேறிடம் தேட நேர்ந்தது. சில கட்டடங்கள் புதுப்பிக்கப்பட்டன. வேறு சில, பழுது மிகுதியால் பூட்டியே கிடந்தன. ஆண்டுதோறும் சிறிது சிறிதாகச் செய்திருக்க வேண்டிய செலவு, ஒரே நாளில் பெருந்தொகையாக வந்து நின்றது.

இதில் நமக்கு என்ன பாடம்? தோட்டத்து லயத்தில் கூரைத் தகரம் ஒழுகினால் நிர்வாகத்திடம் சொன்னோம். வீடுகளை நல்ல நிலையில் வைத்திருப்பது முதலாளியின் கடமை என 1990ஆம் ஆண்டுத் தொழிலாளர் வீட்டுவசதிச் சட்டமும் கூறியது. வாடகைக்கு வீடு விட்டபின் அந்தக் கடமை நம்முடையது. முறையீடு நம்மிடம்தான் வரும்.

ஆகவே வாங்குமுன்பே கணக்குப் போடுங்கள். எடுத்துக்காட்டாக, மாத வாடகை 500 வெள்ளி என்று கொள்வோம். ஆண்டுக்கு 6,000 வெள்ளி. ஒரு மாதம் ஆளின்றி இருந்தால் 5,500. அதிலிருந்து மதிப்பீட்டு வரி, நிலவரி, வங்கித் தவணை ஆகியவற்றைக் கழியுங்கள். பிறகு மாதம் 50 வெள்ளியைத் தனிக் கணக்கில் போடுங்கள். ஐந்து ஆண்டுகளில் 3,000 வெள்ளி சேரும். கூரை, குழாய், மின்கம்பி, சாயம் ஆகியவற்றுக்குக் கடன் தேடி அலைய வேண்டாம். பழைய வீடானால் இன்னும் கூடுதலாக ஒதுக்குங்கள். இவ்வளவும் கழித்து ஒன்றும் மிஞ்சாது என்றால், அந்த வீட்டின் விலை நமக்கு ஏற்றதல்ல.

வாங்கியபின் ஆண்டுக்கு ஒருமுறை, பெருமழைக் காலத்துக்கு முன், கூரையையும் சாக்கடையையும் பார்த்துவிடுங்கள். குடியிருப்பவர் ஒழுகுகிறது என்று சொன்னால் அவரைக் குறைசொல்லாதீர்கள். நேரத்தில் சொன்னவர் நமக்குச் செலவைக் குறைத்தவர். ஆற்றிலே போட்டாலும் அளந்து போடச் சொன்னார்கள் பெரியோர். பால்மரக் காட்டில் உழைத்துச் சேர்த்த பணத்தை, அளக்காமல் போடலாமா?